நெகிழ்வட்டு தரும் பாடம்



பால்வெட்டும் கத்தியில் ஏறும் துருவை நீங்கள் அறிவீர்கள். அத்துருவின் இனமாகிய இரும்பு ஆக்ஸைடே ஒரு காலத்தில் கணினியின் நினைவைத் தாங்கியது. மெல்லிய பிளாஸ்டிக் வட்டின்மீது அதனைப் பூசி, காந்த ஆற்றலால் செய்திகளைப் பதித்தனர். அதுவே நெகிழ்வட்டு.

1971இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட நெகிழ்வட்டின் அளவு 8 அங்குலம். 1976இல் ஐந்தேகால் அங்குல வட்டும், 1981இல் மூன்றரை அங்குல வட்டும் தோன்றின. 1994ஆம் ஆண்டில் நான் வாங்கிய முதல் கணினி இம்மூன்றாம் வகையையே ஏற்றது. அவ்வட்டு ஒன்றின் கொள்ளளவு 14 இலட்சம் பைட்டுகளுக்குச் சற்று மேல். ஓராண்டின் தேர்வு வினாத்தாள்கள் அனைத்தும் அதனுள் அடங்கின. இன்றைய கைப்பேசிப் படம் ஒன்று அடங்குவதோ அரிது.

அவ்வட்டுகள் இன்றும் என் பெட்டியில் உள்ளன. ஆயினும், அவற்றைப் படிக்கும் கருவி புதிய கணினிகளில் இல்லை. ஜப்பானில் சோனி நிறுவனம் அவற்றின் விற்பனையை 2011இல் நிறுத்திவிட்டது. மேலும், காந்தப் பதிவு காலப்போக்கில் மங்கும் இயல்புடையது. ஆகவே, ஏடு சிதையுமுன் படியெடுத்துக் காத்த நம் முன்னோர் வழியே நமக்கும் ஏற்றது.

பெற்றோர்களே! திருமணப் படங்களோ மறைந்த பெரியோரின் குரலோ பழைய வட்டிலும் நாடாவிலும் இருப்பின், இவ்வாண்டு விடுமுறையிலேயே அவற்றைப் புதிய சேமிப்புக் கருவிக்கு மாற்றுங்கள். இரண்டு படிகள் எடுத்து, இரு வேறு இடங்களில் வையுங்கள். இப்பணியில் உங்கள் பிள்ளைகளையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.