சவர்க்காரம் உதிர்வது ஏன்?

வீட்டில் செய்த சவர்க்காரம் வெட்டும்போது உதிர்ந்தால், முதலில் கணக்கைப் பாருங்கள். 500 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சவர்க்காரமாக ஏறத்தாழ 91 கிராம் எரிசோடா வேண்டும். அதே நிறை ஒலிவ் எண்ணெய்க்கு 67 கிராம் போதும். எண்ணெயை மாற்றிவிட்டுப் பழைய அளவிலேயே எரிசோடாவைச் சேர்த்தால் 24 கிராம் மிஞ்சும். சவர்க்காரம் பொடியாவது மட்டுமல்ல, பிள்ளைகளின் தோலும் புண்ணாகும். ஆகவே கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுத்து, எரிசோடாவைக் கணக்கிலும் 5 வீதம் குறைத்தே சேருங்கள்.

நிறைகள் சரியாயின், வெட்டிய நேரத்தைக் கவனியுங்கள். தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் விரைவில் இறுகும். இறுகியதும் இளஞ்சூடு ஆறுமுன் வெட்டவேண்டும். பிந்தி வெட்டியதால் உதிர்ந்ததைச் சிறிது நீர் விட்டு, மெல்லிய சூட்டில் இளக்கி மீண்டும் அச்சில் இடலாம். எரிசோடா மிஞ்சியதோ என்ற ஐயம் இருந்தால் உடம்புக்குப் போடவேண்டாம்.