இரண்டாம் தரம் எழுத வேண்டிய பிள்ளைக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

உயர்தரப் பரீட்சை இனி எழுதமாட்டேன் என்று நீ சொன்னதாக அம்மா அறிவித்திருந்தா. பௌதிகவியலில் எஃப் வந்ததை நீ தாங்கிக்கொள்வாய். திரும்பவும் தவறினால் ஒட்டுசுட்டான் சந்தியில் நாலு பேர் என்ன கதைப்பார்கள் என்ற பயம்தான் உன்னைக் கட்டிப்போடுகிறது. செபித்தும் இப்படி நடந்ததே என்ற தாக்கமும் இருக்கும்.

இந்த நேரத்தில் எனக்கு ஒரு புனிதரின் நினைவு வருகிறது. 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் யோசப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தார். அந்த அடிகள் இலங்கைக்கு வந்த கதை உனக்குத் தெரிய வேண்டும்.

1687இல் கோவாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தபோது ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை போட்டிருந்தார்கள். கூலியாள் கோலத்தில் வந்தவர், வந்த கையோடு வயிற்றோட்டத்தில் விழுந்தார். தேறி எழுந்து மறைவாகப் பணி செய்தார். பிறகு 1692இல் கண்டிக்குப் போனால், போர்த்துக்கேய ஒற்றன் என்று பிடித்துச் சிறையில் வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவருடைய பயணம் அதோடு முடிந்துவிட்டது. அவரோ சிறையிலேயே சிங்களம் படிக்கத் தொடங்கினார். விடுதலையான பின் அதே கண்டியில் அம்மை நோய் பரவியபோது, உறவினரே கைவிட்ட நோயாளிகளைப் பராமரித்தார். 1711இல் இறக்கும்வரை நாடு திரும்பவில்லை.

வெற்றி நிச்சயம் என்று யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. தான் யாருடைய ஆள் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. பிடிபட்டாலும் நோயில் கிடந்தாலும் அது மாறாது. விசுவாசம் தரும் தன்னம்பிக்கை இதுதான் என்று நான் நம்புகிறேன். செபித்தால் ஏ கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை நான் ஏற்கவில்லை. பெறுபேறு பிழைத்த அன்று அந்தப் பிள்ளை கடவுளையும் சேர்த்து இழந்துவிடும்.

வேதாகமத்தில் மாற்குவைப் பார். பவுலோடு போன முதல் பயணத்தில் பாதிவழியில் விட்டுவிட்டு வீடு திரும்பியவர். அடுத்த பயணத்துக்கு அவர் வேண்டாம் என்று பவுல் மறுத்தார், பர்னபாதான் கூட்டிப்போனார். பின்னாளில் அதே பவுல், மாற்கு தனக்குப் பயன்படுவார், அழைத்து வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். ஒருவரை ஒருமுறை தள்ளிவைத்தவரும் மனம் மாறுகிறார். கடவுளோ மாற்குவைத் தள்ளிவைக்கவே இல்லை.

இனி உன் காரியம். பயம் போன பிறகு படிக்கலாம் என்று காத்திருக்காதே. பயத்தையும் வைத்துக்கொண்டே, சிறிது நேரம் செபித்துவிட்டு, நீ ஒளித்துவைத்திருக்கும் பௌதிகவியல் கடந்தகால வினாத்தாளை எடுத்து ஒரு கணக்கு செய். விளங்காததை ஆசிரியரிடம் கேள், கேட்பது வெட்கமில்லை.

பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரத்தை மூன்று தரம்வரை எழுதலாம். நீ ஒரு தரம்தான் எழுதியிருக்கிறாய். விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணா