பழைய ஒப்பந்தங்களை முதலில் படி



ஒரு வயர்லெஸ் நிறுவனத்தின் காப்புரிமை வருமானம் இனி எப்படி இருக்கும் என்று கணித்து எழுதும் வேலைக்கு நீ வந்திருக்கிறாய். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே எண்ணைத்தான் எழுதுகிறார்கள்: நிறுவனத்திடம் இத்தனை ஆயிரம் காப்புரிமைகள் இருக்கின்றன என்று. அந்த எண்ணை நம்பி ஒரு பங்குகூட வாங்க முடியாது. 'இந்தக் காப்புரிமை இல்லாமல் 4ஜி போன் தயாரிக்க முடியாது' என்று ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை அமைப்பான எட்சியிடம் அறிவிப்பவர் காப்புரிமைக்காரர்தான். அந்த அறிவிப்பு உண்மையா என்று எட்சி சோதித்துப் பார்ப்பதில்லை. தன் பெயரைத் தானே பட்டியலில் எழுதிக்கொள்ளலாம் என்றால் பட்டியல் நீளத்தானே செய்யும்?

பிறகு எதைப் படிப்பது? பழைய ஒப்பந்தங்களை. யார், எப்போது, எவ்வளவுக்குக் கையெழுத்திட்டார்கள், அது எப்போது முடிகிறது என்பதை. இதற்கு அமெரிக்காவின் இன்டர்டிஜிட்டலைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

1972-இல் இன்டர்நேஷனல் மொபைல் மெஷின்ஸ் என்ற பெயரில் பென்சில்வேனியாவில் தொடங்கிய நிறுவனம் அது. எண்பதுகளில் கம்பி இழுக்க முடியாத ஊர்களுக்கு 'அல்ட்ராபோன்' என்ற ரேடியோ தொலைபேசி அமைப்பை விற்றது. 1992-இல் இன்றைய பெயருக்கு மாறியது. இன்று உன் சட்டைப்பையில் இருக்கும் போனில் அதன் பெயர் எங்கும் அச்சாகியிருக்காது. போன் தயாரிக்கிற வேலையும் அதற்கு இல்லை. ஆராய்ச்சி செய்வது, அதைத் தரநிலைக்குள் கொண்டுபோவது, பிறகு போன் தயாரிப்பவர்களிடம் ராயல்டி வசூலிப்பது, இவ்வளவுதான் அதன் தொழில்.

தொடக்கத்தில் விழுந்த அடி பலமானது. மோட்டோரோலாவோடு நடந்த காப்புரிமை வழக்கில், 1995-இல் டெலாவரில் ஜூரி மோட்டோரோலா பக்கம் நின்றது. ஆனால் 1993-இல் எரிக்சன்மீது தொடுத்த வழக்கை நிறுவனம் விடவில்லை. பத்து வருடம் இழுத்து, விசாரணை தொடங்கும் தறுவாயில், 2003 மார்ச்சில் சமரசம் வந்தது. பழைய விற்பனைக்காக எரிக்சனும் சோனி எரிக்சனும் கொடுக்க ஒப்புக்கொண்டது 3.4 கோடி டாலர். பத்து வருட வழக்குச் செலவை நினைத்தால் சின்னத் தொகைதான். கதை அங்கேயே முடிந்திருந்தால் இதைப் பேசவே வேண்டியதில்லை.

1999-இல் நோக்கியாவோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. பின்னாளில் பெரிய போட்டியாளர் ஒருவர் என்ன விகிதத்துக்கு ஒப்புக்கொள்கிறாரோ, அதை வைத்து நோக்கியாவின் தொகையும் முடிவாகும் என்பது அதன் சாரம். எரிக்சன் கையெழுத்திட்டதும் அந்த விதி உயிர்பெற்றது. நோக்கியா மறுத்தது, விவகாரம் நடுவர் மன்றத்துக்குப் போனது, கடைசியில் 2006 ஏப்ரலில் 25.3 கோடி டாலருக்கு முடிந்தது. எரிக்சன் கொடுத்ததுபோல் ஏழு மடங்குக்கு மேல். 2003 மார்ச்சில் செய்தித்தாள் படித்தவர்கள் 3.4 கோடியைப் பார்த்தார்கள். நோக்கியா ஒப்பந்தத்தைப் படித்தவர்கள் அடுத்த கட்டத்தைப் பார்த்தார்கள்.

பழைய கையெழுத்து பணம் கொண்டுவருவதைப்போலவே கையையும் கட்டிப்போடும். 2007-இல் முதல் ஐபோன் வந்த சூட்டோடு ஆப்பிள் உரிமம் வாங்கிக்கொண்டது. ஏழு வருடத்துக்கு மொத்தம் 5.6 கோடி டாலர். போன் சந்தையில் அன்று ஆப்பிள் புதுமுகம், அந்த விலை அப்போது யார் கண்ணையும் உறுத்தியிருக்காது. ஐபோன் எத்தனை விற்றாலும் தொகை மாறாது என்பதுதான் பின்னால் வினையானது. ஹுவாவே ஷென்ஜென் நீதிமன்றத்துக்குப் போய், எங்களிடம் கேட்கும் விலை நியாயமில்லை என்றது. ஆப்பிளின் விற்பனை வருமானத்தை அந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்த நீதிமன்றம், சீனக் காப்புரிமைகளுக்குப் போன் விலையில் 0.019 சதவீதத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்று 2013-இல் முடிவு சொன்னது. குவாங்டாங் உயர் நீதிமன்றமும் அதே வருடம் அதை உறுதி செய்தது. சாம்சங்கோடு 2009-இல் முடிந்த 40 கோடி டாலர் ஒப்பந்தத்தை அளவுகோலாக எடுத்திருந்தால் விகிதம் ஏறக்குறைய பத்து மடங்கு இருந்திருக்கும். அந்தத் தொகை வழக்கின் அழுத்தத்தில் வந்தது என்று நீதிமன்றம் அதை ஒதுக்கிவிட்டது.

ஊரில் மனை வாங்குகிறவர் பக்கத்து மனை என்ன விலைக்குப் பதிவானது என்று பார்ப்பாரே, நீதிபதிகள் செய்வதும் அதுதான். சண்டை எல்லாம் எது பக்கத்து மனை என்பதில்தான்.

லண்டனில் லெனோவோ வழக்கைப் பார். இன்டர்டிஜிட்டல் கேட்டது 33.7 கோடி டாலர், லெனோவோ தர முன்வந்தது 8 கோடி. நீதிபதி மெல்லர் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, குவிந்து கிடந்த ஒப்பந்தங்களில் எல்ஜி 2017-இல் போட்டதையே ஒப்பிடத் தகுந்ததாக எடுத்தார். போன் ஒன்றுக்கு 17.5 சென்ட், ஆக மொத்தம் 13.87 கோடி என்று 2023 மார்ச்சில் தீர்ப்பளித்தார். 2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 22.5 சென்ட்டாக உயர்த்தியது. வட்டியோடு தொகை 24.02 கோடியானது. பழைய விற்பனை என்பதற்காகத் தள்ளுபடி தரக் கூடாது, 2007 முதலான விற்பனைக்கும் பணம் கொடுக்க வேண்டும் என்பதும் இந்த வழக்கில் முடிவானது. காலம் கடத்தியே லாபம் பார்க்கிறவர்களுக்கு இது கசப்பான செய்தி. உரிமம் தருகிற நிறுவனங்களின் வாய்ப்பைக் கணிப்பவர்கள், சதவீதச் சண்டையைவிட இந்த ஒரு முடிவைக் கூர்ந்து படிக்க வேண்டும்.

எந்த நாட்டு நீதிமன்றம் என்பதும் விலையை மாற்றும் என்பதால்தான் ஒருவரை முந்திக்கொண்டு மற்றவர் ஓடுகிறார்கள். 2020-இல் ஷாவோமி சீனாவின் வூஹானில் வழக்குப் போட்டது, இன்டர்டிஜிட்டல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டெல்லி வழக்கை நடத்தாதே, மீறினால் நாளொன்றுக்குப் பத்து லட்சம் யுவான் அபராதம் என்றது வூஹான். அந்த உத்தரவைச் செயல்படுத்தாதே என்று ஷாவோமிக்குத் தடைபோட்டது டெல்லி. 2021 மே மாதம் அந்தத் தடை உறுதியானது, ஆகஸ்டில் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்திய நீதிமன்றங்களை இந்த ஆட்டத்தில் ஓரமாக வைத்து எழுதும் பழக்கம் இனி உதவாது. எரிக்சனுக்கு இந்தியப் போன் நிறுவனமான லாவா 244 கோடி ரூபாய் தர வேண்டும் என்று 2024 மார்ச்சில் சொன்னதும் டெல்லி உயர் நீதிமன்றம்தான்.

அடுத்தது ஆயுள். காப்புரிமைக்குப் பொதுவாக இருபது வருடம்தான். பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், பல ஆன்டெனாக்கள் வழியே ஒரே நேரத்தில் தகவலை அனுப்பும் மைமோ முறைக்கு 1992-இல் விண்ணப்பித்து 1994-இல் காப்புரிமை பெற்றார். 4ஜி, 5ஜி, வைஃபை எல்லாம் இன்று அந்த யோசனையின் மேல் நிற்கின்றன. ஆனால் 2012-இல் அதன் ஆயுள் முடிந்தது. ஜியோ 4ஜி சேவை தொடங்கியது 2016 செப்டம்பரில்! ஆகவே நிறுவனத்தின் பெருமைக்குரிய காப்புரிமை எது என்று கேட்பதோடு, அடுத்த பத்து வருடத்தில் உயிரோடு இருக்கப்போவது எது என்றும் கேள். இன்டர்டிஜிட்டல் 2018-இல் டெக்னிகலரின் காப்புரிமை உரிமப் பிரிவை வாங்கி வீடியோ பக்கம் நகர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏல விலையைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 2011-இல், திவாலான கனடா தொலைத்தொடர்பு நிறுவனம் நார்டெல்லின் காப்புரிமைகள் 450 கோடி டாலருக்குப் போனபோது எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது. இன்டர்டிஜிட்டலும் தன்னை விற்க முடியுமா என்று பார்த்து, 2012 ஜனவரியில் அந்த யோசனையைக் கைவிட்டது. அதே வருடம் சுமார் 1,700 காப்புரிமைகளையும் விண்ணப்பங்களையும் இன்டெலுக்கு 37.5 கோடிக்குக் கொடுத்தது. ஒருமுறை வந்து நின்றுபோகிற பணம் அது.

ஆண்டறிக்கையிலும் இதே கவனம் வேண்டும். பழைய பாக்கி வசூலான காலாண்டில் வருமானம் வானத்துக்குப் போகும், அடுத்த காலாண்டில் தரைக்கு வரும். ஒவ்வொரு வருடமும் வரும் ராயல்டியையும் பாக்கி வசூலையும் இன்டர்டிஜிட்டல் தனித்தனியாகவே காட்டுகிறது. அவற்றைக் கூட்டி எழுதி ஆச்சரியக்குறி போடுகிற அறிக்கைகள் சந்தையில் நிறைய உண்டு. அந்த வரிசையில் நீயும் சேராதே.

2025 ஜூலையில் நடுவர் மன்றம், சாம்சங் எட்டு வருடத்துக்கு 105 கோடி டாலர் தர வேண்டும் என்று முடிவு செய்தது. வருடத்துக்கு ஏறக்குறைய 13.1 கோடி. அது 2023 தொடக்கத்திலிருந்து கணக்காகி 2030 கடைசியில் முடிகிறது. ஆப்பிளின் இப்போதைய உரிமம் 2029 செப்டம்பர் வரை. முதல் பக்கத்தில் காப்புரிமை எண்ணிக்கையை அடித்துவிட்டு, அந்த இடத்தில் இந்த இரண்டு தேதிகளையும் எழுது.