கோமாளி மீன் தொட்டியில் களைச் சாமந்தி: சுரண்டினால் பெருகும், சுண்ணாம்புக்கு மடியும்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கிராமங்களில் மானாவாரி நெல் ஒரு போகம் எடுத்தபின் நிலம் பெரும்பாலும் தரிசாகவே கிடக்கிறது. பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரும் உப்பு. இத்தகைய ஊர்களில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் தொட்டிகள் வைத்துக் கடல் அலங்கார மீன் வளர்ப்பது சில குடும்பங்களுக்குத் துணைத் தொழிலாக அமைந்திருக்கிறது. ஆரஞ்சு நிற உடலில் வெள்ளைப் பட்டைகள் கொண்ட கோமாளி மீன் இவற்றில் முக்கியமானது. இம்மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து, குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் உருவாக்கியுள்ளது. குஞ்சுகளை வாங்கி விற்பனை அளவுக்கு வளர்ப்பவர்களும் உண்டு. தாய் மீன் வைத்து முட்டை எடுப்பவர்களும் உண்டு.

இருவருக்கும் பொதுவான ஒரு தொல்லை, தொட்டியின் ஓரங்களிலும் ஓட்டின் அடியிலும் முளைக்கும் சிறிய பழுப்பு நிறக் கடல் சாமந்தி. ஐப்டேசியா என்பது இதன் பெயர். கண்ணாடி போன்ற உடல் இருப்பதால் கண்ணாடிச் சாமந்தி என்றும் சொல்வார்கள். வயலில் கோரை எப்படியோ, தொட்டியில் இது அப்படி. ஆகவே களைச் சாமந்தி என்று அழைப்பதே பொருத்தம்.

அடையாளம் காணுதல்

பூவைப் போலத் தோன்றினாலும் இது செடியன்று, பிராணி. அரை அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை உயரம் இருக்கும். மெல்லிய தண்டு, அதன் உச்சியில் வாய், வாயைச் சுற்றி நூல் போன்ற கூரிய நுனியுள்ள உணர்விழைகள். குச்சியால் தொட்டால் கண் இமைக்கும் நேரத்தில் பொந்துக்குள் சுருங்கிவிடும்.

கோமாளி மீன் குடியிருக்கும் பெரிய கடல் சாமந்தி வேறு. அது ஓர் அடிக்கு மேலும் அகலமாக விரியும். மீன் அதன் இழைகளுக்கு நடுவே புகுந்து விளையாடும். களைச் சாமந்தியில் கோமாளி மீன் தங்குவதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல், “மீனுக்கு வீடு தானாகவே முளைத்திருக்கிறது” என்று மகிழ்ந்து விட்டு வைப்பவர்கள் உண்டு. அந்த மகிழ்ச்சி இரண்டு மாதம்கூட நீடிக்காது.

விளையும் சேதம்

இதன் இழைகள் முழுவதும் நுண்ணிய கொட்டும் செல்கள் நிறைந்துள்ளன. முட்டையிலிருந்து வெளிவந்து சில நாட்களே ஆன குஞ்சு இழையில் பட்டால் மரத்துப் போகும். பிறகு வாய்க்குள் இழுக்கப்படும். காலையில் எண்ணிக்கை குறைந்திருக்கும், செத்த குஞ்சும் கண்ணில் படாது. தண்ணீர் சரியில்லை, தீவனம் சரியில்லை என்று காரணம் தேடி அலைவார்கள். ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

குஞ்சுகளுக்காகப் பொரித்து விடும் ஆர்ட்டிமியாவையும் இது பிடித்துத் தின்னும். முட்டையாக விலை கொடுத்து வாங்கி, இரவெல்லாம் காற்றூட்டிப் பொரித்த ஆர்ட்டிமியா களைக்குப் போகிறது. அருகில் பெரிய சாமந்தி இருந்தால் அதையும் கொட்டி ஒடுங்கச் செய்யும். விரலளவு வளர்ந்த மீனை இது கொல்வதில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

பரவும் விதம்

பெரும்பாலோர் தவறு செய்வது இங்கேதான். ஓட்டின் மேல் இரண்டு களைச் சாமந்திகளைக் கண்டவர் என்ன செய்வார்? சவரக் கத்தியை எடுத்துச் சுரண்டுவார். மேல்பகுதி போய்விடும், ஓடு சுத்தமாகத் தெரியும். இரண்டு மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு இருந்த இடத்தில் பத்து இருக்கும்.

கோரையைக் களைக்கொத்தால் மேலாகச் செதுக்கிய அனுபவம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. தழை போகும், மண்ணுக்குள் கிழங்கு இருக்கும், முன்னிலும் அடர்த்தியாக முளைக்கும். களைச் சாமந்தியின் கிழங்கு அதன் அடிப்பாதம். ஒட்டியிருக்கும் அப்பாதத்திலிருந்து கடுகிலும் சிறிய துணுக்கு ஒன்று பிய்ந்து கிடந்தாலும், அது சில நாட்களில் வாயும் இழையும் விட்டு முழுப் பிராணியாகிவிடும். யாரும் தொடாவிட்டாலும், இடம் விட்டு நகரும்போது தானாகவே இத்தகைய துணுக்குகளை விட்டுச் செல்லும். நசுக்கினால் துணுக்குகள் தண்ணீரோடு தொட்டி முழுவதும் பரவும். ஆகவே சுரண்டுதல், கிள்ளுதல், நசுக்குதல் மூன்றும் கூடாது.

பட்டினி போட்டும் இதைக் கொல்ல முடியாது. இதன் உடலுக்குள் வாழும் நுண்பாசி வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்து இதற்கும் கொடுக்கிறது. பழுப்பு நிறம் அந்தப் பாசியால் வருவதே. தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடி வைத்தால் நிறம் வெளுக்கும், உயிர் போகாது.

வெறும் தொட்டியாக இருந்தால்

குஞ்சு வளர்க்கும் தொட்டிகளில் மணலும் கல்லும் தேவையில்லை. அத்தகைய வெறும் தொட்டியில் களை வந்தால் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொண்டிராமல், அந்தத் தொகுதி மீன்களை மாற்றிவிட்டுத் தொட்டியையே சுத்தம் செய்வது எளிது. தொட்டி நிறைய நல்ல தண்ணீர் பிடித்து, லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் சலவைத் தூளைக் கரைத்து ஒரு நாள் முழுவதும் ஊற விட வேண்டும். காற்றுக் குழாய், காற்றுக் கல், ஓடு ஆகியவற்றையும் அதிலேயே போட்டுவிடலாம். பின்னர் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். குளோரின் வாடை சிறிதும் இல்லை என்று உறுதியான பிறகே கடல் நீர் பிடிக்க வேண்டும். சலவைத் தூளோடு அமிலம் எதையும் கலக்கலாகாது. நச்சு வாயு கிளம்பும்.

தாய் மீன் தொட்டியில் சுண்ணாம்பு முறை

முட்டையிடும் ஜோடியை அடிக்கடி இடம் மாற்றினால் முட்டையிடுவது நின்று போகலாம். பெரிய சாமந்தியும் உடன் இருந்தால் தொட்டியைக் காலி செய்வது இன்னும் சிரமம். இங்கே கைகொடுப்பது நீற்றிய சுண்ணாம்பு. வெளிநாட்டில் இதற்கென விற்கும் மருந்துகள் சிலவற்றிலும் அடிப்படைப் பொருள் இதுவே. கடும் காரமான சுண்ணாம்பை வாய் வழியே உட்கொண்டதும் அதன் உட்சதை வெந்து போகிறது. பாதம் உட்பட முழு உடலும் மடிவதால் துணுக்கு மிஞ்சுவதில்லை.

கிளிஞ்சல் சுண்ணாம்பைப் புதிதாக நீற்றியது நல்லது. நிறமும் வாசனையும் சேர்த்த வெற்றிலைச் சுண்ணாம்பு, நீலமும் பசையும் கலந்த வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு ஆகியவை ஆகா. காற்றுப் பட்டு நாள்பட்ட சுண்ணாம்புக்கும் வீரியம் இராது. சோதிக்க எளிய வழி உண்டு: ஒரு சிட்டிகை மஞ்சள் தூளில் சேர்த்துக் குழைத்தால் நல்ல சுண்ணாம்பு பளிச்சென்று சிவக்கும், கெட்டுப் போனது மங்கலாகவே இருக்கும்.

வீரியமுள்ள சுண்ணாம்பைச் சிறிது தொட்டித் தண்ணீர் விட்டுக் கெட்டித் தயிர்ப் பதத்தில் குழைத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் சிறிய சிரிஞ்சில் ஊசியில்லாமல் ஏற்றிக் கொள்ள வேண்டும். காற்றுக் குழாயையும் நீரேற்றியையும் நிறுத்தி, தண்ணீர் அசையாமல் இருக்கச் செய்ய வேண்டும். களைச் சாமந்தி விரிந்திருக்கும்போது இறால் சதைத் துணுக்கு ஒன்றை வாயருகே வைத்தால் அது வாய் திறக்கும். அந்தச் சமயத்தில் தண்டைத் தொடாமல் வாயின் மேல் சுண்ணாம்பை மெதுவாகப் பிதுக்கி, உடல் முழுவதும் மூடும்படி விட வேண்டும். அவசரப்பட்டு இடித்தால் அது பொந்துக்குள் போய்விடும்; பிறகு அன்று முழுவதும் வெளியே வராது. பொந்தில் ஒடுங்கியதைப் பொந்தோடு சேர்த்துக் கெட்டிச் சுண்ணாம்பால் அடைத்துவிடலாம். அரை மணி நேரம் கழித்து நீரேற்றியை ஓட்டலாம். மிஞ்சிய சுண்ணாம்பையும் மடிந்த உடலையும் ரப்பர் குழாயால் உறிஞ்சி வாளியில் எடுத்துவிட வேண்டும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒழித்துவிடும் ஆசை வேண்டாம். சுண்ணாம்பு கூடினால் தண்ணீரின் காரத்தன்மை ஏறி மீனுக்கு ஆபத்து. நூறு லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு ஐந்தாறு போதும். கடல் நீரின் கார அமில நிலை 8.0 முதல் 8.4 வரை இருப்பது இயல்பு, 8.5-ஐத் தாண்டினால் அன்றைய வேலையை நிறுத்திக் கொள்ள வேண்டும். பெரிய சாமந்திக்கு மிக அருகில் உள்ளவற்றைச் சுண்ணாம்பால் தொடாமல், அவை ஒட்டியிருக்கும் ஓட்டையோ கல்லையோ வெளியே எடுப்பது நலம்.

பத்து நாளுக்கு ஒரு முறை வீதம் குறைந்தது மூன்று முறை இதைச் செய்ய வேண்டும். முதல் தடவை கண்ணுக்குத் தப்பிய குட்டிகள் அதற்குள் வளர்ந்து வெளியே தெரியும். இரவில் விளக்கணைத்துச் சிறிது நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் பகலில் தெரியாதவையும் புலப்படும்.

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். சிரிஞ்சில் ஏற்றும்போதும் பிதுக்கும்போதும் கண்ணாடி அணிவது அவசியம். ஏற்றிய சிரிஞ்சைக் குழந்தைகள் எடுக்கும் இடத்தில் வைக்கலாகாது. தெறித்துவிட்டால் உடனே நிறைய நல்ல தண்ணீரால் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பிற முறைகள்

எலுமிச்சைச் சாற்றைத் தண்டுக்குள் ஊசியால் செலுத்துவதும் உண்டு. குறி தவறினால் பயனில்லை.

பயிருக்குத் துத்தம் பயன்படுத்திப் பழகியவர்கள் தொட்டியிலும் அதைக் கரைக்க எண்ணலாம். கூடவே கூடாது. களைக்கு முன்பாகப் பெரிய சாமந்தி சாகும். தாமிரம் மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு பிறகு சிறிது சிறிதாகக் கசியும். அந்தத் தொட்டியில் இறாலோ சாமந்தியோ பின்னர் வைக்க முடியாமல் போகும்.

கடலில் எடுத்த கல்லை வேக வைத்துச் சுத்தம் செய்யும் வழக்கம் அதனினும் ஆபத்தானது. கல்லில் ஒட்டி வாழும் பொத்தான் போன்ற சில பிராணிகளின் உடலில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கொதிக்க வைத்த ஆவியைச் சுவாசித்து வீட்டிலுள்ளவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்ச்சிகள் வெளிநாடுகளில் நடந்துள்ளன.

தென்னைக் கருந்தலைப் புழுவுக்கு ஒட்டுண்ணி விடுவது போல இதற்கும் இயற்கை எதிரிகள் இருக்கின்றன. பெர்கியா என்னும் ஓடில்லாக் கடல் நத்தை களைச் சாமந்தியைத் தவிர வேறெதையும் தின்பதில்லை; அது தீர்ந்ததும் நத்தையும் பட்டினியால் இறந்துவிடும். பெப்பர்மின்ட் இறால் என்று வழங்கும் ஒருவகை இறாலும் தின்னும். ஆனால் அதே சாயலில் உள்ள வேறு இறால் களையை விட்டுவிட்டு நல்ல பவளத்தைத் தின்றுவிடும். இவையெல்லாம் அயல்நாட்டுக் கடல்களிலிருந்து வருபவை. காட்சித் தொட்டி வைத்திருக்கும் செல்வந்தருக்கு ஏற்றவை. நாலு தொட்டி வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்குக் காலணாச் சுண்ணாம்பே போதும்.

வராமல் தடுத்தல்

களைச் சாமந்தி பெரும்பாலும் கல்லோடும் பவளத்தோடுமே தொட்டிக்குள் வருகிறது. கடலிலிருந்து பவளக் கல் எடுத்து வருவது களையை விலைக்கு வாங்குவதோடு மட்டும் நிற்பதில்லை. சட்டப்படி குற்றமும் ஆகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல் பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளன. உண்மையில் கோமாளி மீனுக்குக் கல்லே தேவையில்லை. கூரை ஓட்டின் மேலும் மண் சட்டியின் மேலும் நன்றாகவே முட்டையிடும். தொட்டியிலேயே பொரித்து வளர்ந்த மீன்களுக்குப் பெரிய சாமந்தியும் கட்டாயமில்லை. அது இல்லாத தொட்டியில் பராமரிப்பு பாதியாகக் குறையும்.

அடுத்த காரணம் அதிகத் தீவனம். தாய் மீனுக்குப் போடும் சிப்பிச் சதையும் இறால் சதையும் மிஞ்சி அடியில் தங்கினால் மீனைவிடக் களையே கொழுக்கும். ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே போட்டு, மிச்சத்தை அன்றே உறிஞ்சி எடுக்க வேண்டும். வலையும் குழாயும் தொட்டிக்குத் தொட்டி தனித்தனியே இருத்தல் அவசியம். களையுள்ள தொட்டியில் நனைத்த வலையை அடுத்த தொட்டியில் விட்டால் துணுக்கும் கூடவே போகும்.

தொட்டியில் ஒன்றோ இரண்டோ மட்டும், அதுவும் எடுக்கக்கூடிய ஓட்டின் மேல் இருந்தால் இத்தனை முறையும் வேண்டியதில்லை. ஓட்டின் விலை என்ன? வெளியே எடுத்து எறிந்துவிட்டு வேறு ஓடு வைக்கலாம். அதில் முட்டை ஒட்டியிருந்தால் மட்டும் பொரியும் வரை, ஏறக்குறைய ஒரு வாரம், பொறுத்திருந்து பிறகு எடுக்க வேண்டும். உறிஞ்சி எடுத்த வாளித் தண்ணீரைக் கடலிலோ பக்கத்துத் தொட்டியிலோ ஊற்றாமல், ஒரு கைப்பிடி சலவைத் தூள் போட்டு மறுநாள் தொலைவில் குழி தோண்டிக் கொட்ட வேண்டும். புதிதாக வாங்கும் ஓடு, சட்டி எதுவானாலும் நல்ல தண்ணீரில் கழுவிக் காய வைத்த பிறகே தொட்டியில் இறக்க வேண்டும். மற்றொருவர் தொட்டியிலிருந்து பெற்ற பெரிய சாமந்தியாக இருந்தால், இரண்டு வாரம் தனி வாளியில் காற்றூட்டி வைத்து, அதன் அடியையும் ஒட்டியுள்ள சிப்பியையும் லென்ஸ் கொண்டு பார்த்துவிட்டுச் சேர்க்கலாம்.