பிரம்மாஸ்திரமும் ஹிரோஷிமாவும்



ஓப்பன்ஹைமர் படம் வந்ததிலிருந்து நம்ம கீதை வகுப்பில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "அண்ணே, அந்தக் குண்டைச் செஞ்சவரே கீதையைத்தானே சொன்னாரு? அப்படின்னா கீதை அதுக்குச் சம்மதம் கொடுக்குதா?" இந்த மாதப் பாடத்தை இந்தக் கேள்விக்கே ஒதுக்கச் சொன்னார்கள். நான் இயந்திரப் பொறியியல் படிக்கிறவன். சாஸ்திரம் முறையாகக் கற்றவன் அல்ல. அதனால் எனக்குப் பழக்கமான பக்கத்திலிருந்து, அதாவது கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

1945 ஆகஸ்டு 6, காலை மணி 8.15. ஹிரோஷிமா மேல் போட்ட யுரேனியக் குண்டு தரையில் விழுந்து வெடிக்கவில்லை. ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அப்படி வெடிக்கும்படிதான் அதை அமைத்திருந்தார்கள். ஏன் அந்த உயரம்? தரையில் வெடித்தால் சக்தியில் ஒரு பெரிய பங்கு குழி தோண்டுவதிலேயே போய்விடும். மேலே வெடித்தால், நேராக வரும் அதிர்வலையும் தரையில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றாகச் சேர்ந்து இன்னும் அகலமாகப் பரவும். கான்கிரீட் அரண் மாதிரி உறுதியான இலக்கை உடைக்கணும்னா இன்னும் தாழ்வாக வெடிக்க வைக்க வேண்டும். சாதாரண வீடுகளை எவ்வளவு பெரிய பரப்பில் முடியுமோ அவ்வளவு பரப்பில் சாய்க்கணும்னா உயரத்தைக் கூட்ட வேண்டும். அந்த 600 மீட்டர், வீடுகளை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு.

இதை நான் ஏன் இவ்வளவு விளக்குகிறேன்? "போர்னா பொதுமக்களும் சாகத்தான் செய்வாங்க, அது தவிர்க்க முடியாதது" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஹிரோஷிமாவில் நடந்தது அது இல்லை. அங்கே இராணுவத் தலைமையகம் இருந்தது உண்மை, தெற்கே படைகளை ஏற்றி அனுப்பும் துறைமுகம் இருந்ததும் உண்மை. ஆனால் குறி வைத்தது நகரத்தின் நடுவில் இருந்த அயோய் பாலத்தை. குண்டு சற்று விலகி ஒரு மருத்துவமனைக்கு மேலே வெடித்தது. தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து வழி ஏற்படுத்தும் வேலைக்காக அன்று காலை பள்ளி மாணவர்களைத் தெருவில் இறக்கியிருந்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மட்டும் சுமார் 1,40,000 பேர். மூன்று நாள் கழித்து நாகசாகியில் சுமார் 74,000 பேர்.

ஆகஸ்டு 9 அன்று வானொலியில் பேசிய அதிபர் ட்ரூமன் ஹிரோஷிமாவை ஓர் இராணுவத் தளம் என்றார். மறுநாள் அமைச்சரவையில், இன்னொரு லட்சம் பேரை, அதிலும் அத்தனை குழந்தைகளை, அழிக்கும் நினைப்பே தனக்குப் பிடிக்கவில்லை என்றார். அமைச்சர் ஹென்றி வாலஸ் இதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தன் உத்தரவில்லாமல் இனி குண்டு போடக்கூடாது என்று ட்ரூமன் நிறுத்தியது அப்போதுதான். அதற்கு முன் போன கட்டளை, குண்டுகள் தயாராகத் தயாராகப் போடலாம் என்பதுதான். நாகசாகிக்குத் தனியாக ஓர் உத்தரவு தேவைப்படவே இல்லை.

இனி மறுபக்கம். இதை நான் வேறு யாரிடமும் கேட்கத் தேவையில்லை, எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. என் பாட்டியின் அப்பாவை ஜப்பான்காரன் தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துப் போனான். திரும்பி வரவில்லை. நம்ம தோட்டத்து ஆட்கள் பல்லாயிரம் பேர் அந்த 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்காகப் போனவர்கள்தான். காலரா, பசி, அடி. "அந்தக் குண்டு மட்டும் விழலைன்னா மிச்சம் இருந்தவங்களும் செத்திருப்போம்டா"ன்னு பாட்டி சொல்லும்போது, அவரிடம் போய் சர்வதேசச் சட்டம் பேச எனக்கு வாய் வராது. ஜப்பான் பிடியில் இருந்த நாடுகளில் ஒவ்வொரு நாளும் ஆள் செத்துக்கொண்டுதான் இருந்தான். நவம்பரில் ஜப்பானுக்குள் படையிறங்கத் திட்டம் தயாராக இருந்தது. இறங்கியிருந்தால் இரண்டு பக்கமும் எவ்வளவு உயிர் போயிருக்கும் என்ற கேள்வி பொய்யானது அல்ல.

ஆனால் பாட்டிக்கு விடுதலை கிடைத்தது என்பது ஒன்று, அந்தச் செயல் தர்மம் என்பது வேறொன்று. முதலாவதுக்காக நான் நன்றியோடு இருக்கலாம். அதனால் இரண்டாவதையும் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. ஹிரோஷிமாவில் செத்த பள்ளிப் பிள்ளை சயாமில் யாரையும் அடிக்கவில்லை. இன்னொன்று: அன்று ஹிரோஷிமாவில் மலாயாவிலிருந்து போன மாணவர்களும் மூன்று பேர் இருந்தார்கள். ஜப்பான் அரசு படிக்கக் கூட்டிப் போன பிள்ளைகள். இரண்டு பேர் இறந்தார்கள், ஒருவர் பிழைத்து ஊர் திரும்பினார். "நம்மைக் காப்பாற்றிய குண்டு" என்னும்போது அந்த இரண்டு பேர் எந்தப் பக்கக் கணக்கில் வருவார்கள்?

நம் இதிகாசத்துக்கு வருவோம். (ஒரு சின்ன வேண்டுகோள்: "நம்ம முன்னோர்கிட்ட அப்பவே அணுகுண்டு இருந்துச்சு"ங்கிற வாட்ஸ்அப் செய்தியைத் தயவுசெய்து பரப்பாதீங்க. மகாபாரதம் ஆயுத விளம்பரம் இல்லை. ஆயுதத்தை எப்போது தொடக்கூடாது என்று சொல்லும் இடங்களைத்தான் நாம் படிக்காமல் தாண்டிவிடுகிறோம்.)

உத்தியோக பர்வத்தில், கௌரவர் சேனையை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று தருமர் கேட்கிறார். தன்னிடம் பாசுபதாஸ்திரம் இருக்கிறது, நொடியில் முடித்துவிடலாம், ஆனால் சாதாரண மனிதரைத் தெய்வ அஸ்திரத்தால் கொல்வது முறையல்ல, நேராகப் போரிட்டே வெல்வோம் என்கிறான் அர்ஜுனன். பதினெட்டு நாள் போர், கணக்கில்லாத சாவு, அபிமன்யுவின் சாவு, இவை எல்லாவற்றையும் தவிர்த்திருக்கக்கூடிய ஆயுதம் அது. "போரைச் சீக்கிரம் முடிக்கலாமே" என்ற வாதம் 1945-இல் பிறந்தது அல்ல என்று எனக்கு உறைத்தது இந்த இடத்தில்தான்.

இதைவிடக் கூர்மையானது துரோண பர்வம். அஸ்திர வித்தை தெரியாத வீரர்களைத் துரோணர் பிரம்மாஸ்திரத்தால் எரிக்கிறார். உடனே ரிஷிகள் வந்து, நீ செய்வது அதர்மம், ஆயுதத்தைக் கீழே போடு என்று கண்டிக்கிறார்கள். கவனிங்க, எரிந்தவர்கள் பொதுமக்கள்கூட இல்லை, களத்துக்கு வந்த படைவீரர்கள். அவர்களுக்கே இந்தக் கண்டனம் என்றால்? கண்டிக்கப்பட்டவரும் சாதாரண ஆள் இல்லை. எல்லாருக்கும் வித்தை சொல்லிக் கொடுத்த ஆசிரியர்.

சௌப்திக பர்வத்தில் அசுவத்தாமன் கதை உங்களுக்குத் தெரியும். அவன் விட்ட பிரம்மசிரஸ் அஸ்திரத்தை எதிர்த்து அர்ஜுனனும் விடுகிறான். நாரதரும் வியாசரும் நடுவில் வந்து நின்றதும் அர்ஜுனன் திரும்பப் பெறுகிறான். அசுவத்தாமனுக்குத் திரும்பப் பெறத் தெரியாது. அது பாண்டவ வம்சத்தின் கருவறைகளை நோக்கிப் போகிறது. ஹிரோஷிமாவில் கருவில் இருந்த குழந்தைகள் சிலர் கதிர்வீச்சால் தலை சிறுத்துப் பிறந்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டு வியாசருக்கு அறிவியல் பட்டம் கொடுக்க நான் வரவில்லை. போராளி யார், மற்றவர் யார் என்று பிரிக்க முடியாததையும், விட்ட பிறகு நிறுத்த முடியாததையும் மனிதன் கையில் எடுக்கலாமா என்று அந்தக் கதை கேட்கிறது. நம் புறநானூற்றிலும் நெட்டிமையார் தன் பாண்டிய மன்னனைப் புகழும்போது, அம்பு விடுமுன் பெண்களையும் நோயாளிகளையும் பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொல்பவன் என்றுதான் புகழ்கிறார்.

உடனே ஒருத்தர், "பாண்டவர் மட்டும் விதி மீறலையா?" என்பார். மீறினார்கள். பீஷ்மர், துரோணர், துரியோதனன், மூன்று பேர் வீழ்ந்த விதமும் அப்படித்தான். ஆனால் மகாபாரதம் அவற்றை மறைக்கவில்லை, "இராணுவத் தளம்" என்று பெயர் மாற்றவும் இல்லை.

இப்போது கீதை. ஓப்பன்ஹைமர் நினைவுகூர்ந்தது பதினோராம் அத்தியாயத்தில் கண்ணன் தன்னைக் காலமாகக் காட்டும் இடம். அதைச் சொல்கிறவன் பரமாத்மா. கேட்கிறவன், ஆயுதத்தோடு எதிரே வந்து நிற்கும் வீரர்களோடு போரிட வேண்டியவன். அந்த வரியை எடுத்து, தூங்கி எழுந்து ரொட்டிக்கு வரிசையில் நிற்கிற ஒரு நகரத்தின் மேல் வைக்க முடியாது. "கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்பதையும் எங்கள் துறைக்காரர்கள் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது என் கருத்து. பலன் மேல் ஆசை வேண்டாம் என்கிறது கீதை; செய்கிற காரியம் என்ன என்று பார்க்க வேண்டாம் என்று எங்கே சொல்கிறது?

அதே திட்டத்தில் வேலை செய்த ஜோசப் ராட்பிளாட் பார்த்தார். ஜெர்மனி அணுகுண்டு செய்யவில்லை என்று தெரிந்ததும் 1944 இறுதியில் வேலையை விட்டு விலகினார். 1945 ஜூனில் ஜேம்ஸ் பிராங்க் தலைமையிலான விஞ்ஞானிகள், முன்னறிவிப்பின்றி நகரத்தின் மேல் போடாதீர்கள், ஆளில்லாத இடத்தில் வெடித்துக் காட்டுங்கள் என்று அறிக்கை கொடுத்தார்கள். ஓப்பன்ஹைமர் இருந்த குழு, அப்படிக் காட்டுவதால் போர் நிற்காது என்று பதில் எழுதியது. நின்றிருக்குமா, தெரியாது. முயன்று பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

2017-இல் அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் ஐ.நா.வில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 122 நாடுகள் ஆதரித்தன. மலேசியா 2020-இல் அதை உறுதிப்படுத்தியது. சிங்கப்பூர் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. அடுத்த வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து இதைப் பேசப் போகிறோம். துரோண பர்வத்தின் அந்தப் பகுதியை ஒரு தடவை படித்துவிட்டு வாங்க. வீட்டில் ஜப்பான் காலம் பற்றிச் சொல்லக்கூடிய பெரியவங்க இருந்தால் அவங்க கிட்டயும் கேட்டுட்டு வாங்க. இரண்டையும் கேட்காதவங்களை எந்த அணியிலும் சேர்க்கப் போவதில்லை.