சோளத்தின் காப்பில் புற்றரை அமைத்தல்

பொத்துவில் வட்டைகளில் நெல் விதைக்கப்பட்டதும் மாடுகள் வயலிலிருந்து அகற்றப்படுகின்றன. சிறுபோகக் கோடையிலோ மேட்டுநிலப் புல்லும் கருகிவிடுகின்றது. ஆதலின், மாடு வளர்க்கும் கமக்காரர் தம் மேட்டுநிலத்தில் அரை ஏக்கரையேனும் புற்றரையாக்குதல் நன்று.

புல் வேரூன்றும் வரை நிலம் வருவாயின்றிக் கிடக்குமே என்னும் தயக்கம் பலர்க்கு உண்டு. அக்குறையைக் காப்புப் பயிர் நீக்கும். குளிர்நாடுகளில் வாற்கோதுமையின் கீழ்ப் புல்லையும் குளோவரையும் விதைப்பது நெடுநாள் வழக்கம். குளோவர் இக்கடற்கரை வெப்பத்தைத் தாங்காது. இங்கு வாற்கோதுமைக்கு ஈடாகச் சோளமும், புல்லாகக் கினிப்புல்லும், குளோவருக்கு ஈடாக ஸ்டைலோ என்னும் அவரையினத் தாவரமும் ஏற்றவை. ஸ்டைலோவின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்க்கும். ஆழ்ந்த வேர் வறட்சியைத் தாங்கும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் நிலத்தைப் பண்படுத்தி, மாட்டெருவிட்டு, சோளத்தை நான்கடி இடைவெளியுள்ள வரிசைகளில் ஊன்றல் வேண்டும். இரண்டு வாரத்தில் முதற்களை எடுத்தவுடன், வரிசைகளின் நடுவே இரண்டடிக்கு ஒன்றாகக் கினிப்புல் தூர்களை நட்டு, அவற்றின் இருபுறமும் ஸ்டைலோ விதையைத் தூவி மெல்லிதாக மண்ணிட்டு மூடுதல் வேண்டும். அவ்விதையின் தோல் கடினமானது. 80 பாகை செல்சியஸ் வெந்நீரில் நான்கைந்து நிமிடம் இட்டெடுத்து விதைத்தால் நன்கு முளைக்கும். யூரியாவைச் சோளத்தின் அடியில் மட்டும் இடுக. எங்கும் வீசினால் களையும் புல்லும் ஓங்கி, ஸ்டைலோவை அமுக்கிவிடும்.

காப்புப் பயிரே பகையாவதும் உண்டு. சோளத்தை நெருக்கி நடுவோரும், மணி முற்றும் வரை காத்திருப்போரும் புற்றரையை இழப்பர். அடர்ந்த நிழலில் ஸ்டைலோ நலியும். மணி முற்றி அறுவடை முடிவதற்குள் மழையும் ஓய்ந்துவிடும். ஆகவே, மார்கழி இறுதியிலேயே பச்சைக் கதிர்களை ஒடித்து விற்று, தாளை வெட்டி மாட்டுக்கு இடுதல் வேண்டும். அதன்பின் பெய்யும் தை மழை முழுவதும் இளம்புல்லுக்கே சேரும்.

முதலாண்டில் மாடுகளை உள்ளே விடலாகாது. வேலியடைத்து, நிலத்திலிருந்து ஆறு அங்குலம் விட்டுப் புல்லை அறுத்தே ஊட்டுதல் வேண்டும். கையாற் பிடித்து இழுக்கும்போது வேரோடு பெயராமல் இலை மட்டும் அறுமாயின், அப்புற்றரை மேய்ச்சலுக்கு ஆயத்தமாயிற்று என அறியலாம். சோள விளைவு சிறிது குறையினும், அடுத்துவரும் கோடைகளில் மாடு பசியாதிருத்தலே அதற்குரிய ஊதியமாகும்.