நூல் பாக்கி வழக்கும் 120 நாளும்

கேள்வி: சோமனூரில் உள்ள எங்கள் ஜவுளி பிரைவேட் லிமிடெட் மீது, 18 லட்ச ரூபாய் நூல் பாக்கி என்று மில்காரர் கோவை வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். நூலே சரியில்லை. வாய்தா வாங்கிக்கொண்டே பேசித் தீர்க்கலாமா?

பதில்: தாராளமாகப் பேசுங்கள். ஆனால் பேசும்போதும் நாள் ஓடும். சாதாரண சிவில் வழக்கில் எதிருரைக்கு நீதிமன்றம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். வணிக வழக்கில் நடக்காது. சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள். காரணம் சொல்லிச் செலவுத்தொகை கட்டினால் 120 வரை. அதைத் தாண்டினால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும். எஸ்சிஜி கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது.

வழக்குக்கு முன் மில்காரர் சமரசத்துக்கு மனுப் போட்டாரா என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். அவசர நிவாரணம் கேட்காத வழக்கில் வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவுப்படி அது கட்டாயம். தவறியிருந்தால் வழக்குரையை நிராகரிக்கக் கோரலாம் (பாட்டீல் ஆட்டோமேஷன் தீர்ப்பு, 2022).

எதிருரையில் 'எல்லாம் பொய்' என்று ஒரே வரியில் மறுத்தால் எடுபடாது. இன்ன பில், இன்ன லாட், துணியில் பட்டை விழுந்தது, இன்ன தேதியில் டெபிட் நோட் அனுப்பினோம் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். நஷ்டத்துக்கு எதிர்க்கோரிக்கையும் வைக்கலாம். வாட்ஸ்அப் பேச்சைக் காட்டுவதென்றால் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் வேண்டும். அந்த போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்!

சாட்சிக் கூண்டில் முதலாளியைவிட, நூலை இறக்கிப் பிரித்துப் பார்த்த குடோன்காரர் ஏறுவதே மேல். குறுக்கு விசாரணையில் 'ஆபீஸில் கேட்கணுங்க' என்று முதலாளி சொன்னால் கேஸ் ஆட்டம் கண்டுவிடும். குடோன்காரர் வேலையை விட்டுப் போயிருந்தால் இப்போதே தேடிப் பிடியுங்கள்.